படைவீரரா, தொழிலாளரா?

துப்பாக்கி ஏந்திய கைக்கு மாலை சூட்டுதலும், குழாய் முடுக்கிய கையை மறத்தலும் உலகத்தார் வழக்கம். இவ்வழக்கம் முறையன்று என்பது எமது துணிபு. அதனை விளக்குதற்கு ஒரு முதியவரின் வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைப்பாம்.

ஹாரி பேட்ச் என்பார் 1898-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் இங்கிலாந்தில், பாத் நகரை அடுத்த கூம் டவுன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பள்ளி நீங்கியதும் நீர்க்குழாய் பொருத்தும் தொழிலைப் பயின்றார். 1916-இல் கட்டாயப் படைச்சேர்ப்பு அவரைப் பட்டறையினின்று பிரித்தது. மறு ஆண்டு பெல்ஜிய நாட்டில், பாஷன்டேல் எனப் பெயர்பெற்ற கொடும்போரில், லூயிஸ் என்னும் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய ஐவருள் ஒருவராய் நின்றார். 1917 செப்டம்பர் 22-இல் தலைக்குமேல் வெடித்த குண்டொன்று அத்தோழருள் மூவரை மாய்த்தது. அவர் காயத்தோடு மீண்டார். போர்முனையில் அவர் இருந்தது சில திங்களே.

எனினும் 2009 ஜூலை 25-இல், தமது 111-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, மேற்குப் போர்முனையின் பதுங்குகுழிகளில் நின்று பொருதோருள் இறுதியாக எஞ்சியவர் என்றே உலகம் அவரைப் புகழ்ந்தது. அச்சில திங்கள் போக எஞ்சிய வாழ்நாள் என்னாயிற்று? போர் முடிந்தபின் அவர் தம் தொழிலுக்கே திரும்பினார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவு மாளிகை எழுந்தபொழுது ஆண்டுகள் சில அதில் உழைத்தார். அம்மாளிகை 1925-இல் திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் பாத் நகரின் தீயணைப்புப் படையிற் பணியாற்றினார். 1963-இல் ஓய்வு பெற்றார். தாம் குழாய் பொருத்திய அதே பல்கலைக்கழகம் 2005-இல் அவருக்குச் சிறப்பு எம். ஏ. பட்டம் நல்கியது. கல்லூரி மாணவராகிய நாம் எண்ணி மகிழத்தக்க செய்தி இது.

போரிற் பட்ட துன்பத்தைப் போற்றுதல் தகாதோ எனின், தகும் என்போம். ஆயின் அவர் அதனை எவ்வாறு போற்றினார் என்பதையும் நோக்குதல் வேண்டும். நூறு வயது நிரம்புமளவும் அவர் போரைப் பற்றி வாய் திறந்திலர். செப்டம்பர் 22 ஒன்றே அவர் தம்முள் நோற்ற நினைவு நாள். 2004-இல் தம்மையொத்த முதியவராகிய பழைய ஜெர்மானியப் படைவீரர் ஒருவரைக் கண்டு கைகுலுக்கினார். வெல்ஸ் பேராலயத்தில் நடைபெற்ற அவரது அடக்க ஆராதனையில் ஆயுதம் எதுவும் இருத்தலாகாது என்பது அவர் விருப்பம், அவ்வண்ணமே நிகழ்ந்தது. பெல்ஜியரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் அவர் பேழையோடு உடன் நடந்தனர். கொல்லுதலைத் தமக்குப் பெருமையென அவர் கருதவில்லை என்பது இவற்றால் விளங்கும். அங்ஙனமாக, அவர் பெருமை கொள்ளாத பகுதியை மட்டும் நாம் போற்றி, நாள்தோறும் பிறர்க்கு நீர் கொணர்ந்த பகுதியை விடுத்தல் எவ்வாறு பொருந்தும்?

பிறரைக் குறை கூறுமுன் எம் குறையையும் கூறுதல் கடன். எமது விடுதிக் குழாய்களைச் செப்பனிட வரும் முதியவர் ஒருவர் உளர். நீர் நின்ற நாளில் அவரைத் தேடி ஓடுகின்றோம். நீர் வந்தவுடன் மறக்கின்றோம். சங்கப் புலவர் பலருடைய ஊரும் பேரும் ஒப்புவிக்க வல்ல யாம், இரண்டாண்டாக அவர் பெயரைக் கேட்டறிந்திலேம். இக்கட்டுரை எழுதப் புகுந்த பின்னரே சென்று வினவினோம். அவர் சற்றே திகைத்துப் பின் பெயர் கூறினார். கூறியபின் நெடுநேரம் பேசினார். அத்திகைப்பு எம்மை நாணச் செய்தது.

ஹாரி பேட்ச் தம் கதையைக் கூறும் வரை உலகம் நூறாண்டு காத்திருந்தது, அவரும் இருந்தார். எல்லா முதியோரும் அத்துணைக் காலம் இரார். ஆதலின், அன்பர்காள்! இரங்கலுரை எழுதும் நாள்வரை தாழாது, உயிரோடிருக்கும்போதே அவர்தம் அருகமர்ந்து கேட்பீர்களாக.