மலைக்குப் போகலாமா, ஊருக்குத் திரும்பலாமா?



சென்னையில் வாழும் நம் இராமநாதபுரக் கடற்கரைக் குடும்பங்கள் இரண்டு ஒரு விருந்தில் சந்தித்தால், எங்கெங்கோ சுற்றிய பேச்சு இப்போது மலையில் வந்து நிற்கிறது. கொடைக்கானல் மலைச்சரிவில் அரை ஏக்கர் நிலம், சிறிய வீடு, நான்கு ஆடுகள், இணையம் வழியே வேலை, பிள்ளைகளுக்குத் தூய காற்று. கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மலைமீது ஏன் இத்தனை ஆசை என்று நானும் சிரித்ததுண்டு. பிறகு, சென்ற ரமலான் முடிந்ததும், நானும் என் மனைவியும் அப்படியோர் இடத்துக்கு முன்பணம் கொடுத்தோம்.

காரணம் எங்கள் மூத்த மகன். அவனுக்கு ஏழு வயது நிறையப்போகிறது. தொழச் சொல்லி ஏவ வேண்டிய வயது. அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் அவன் கேட்கும் பாங்கு என் கைபேசியில் ஒலிப்பது மட்டுமே.

மலை நிலம் அழகாகவே இருந்தது. காப்பிச் செடிகள், மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, மாலையில் இறங்கும் பனிமூட்டம். அஸர் நேரத்தில் நானும் மகனும் புல்தரையில் தொழுதோம். ஸலாம் கொடுத்ததும் அவன் கேட்டான்: "வாப்பா, மத்தவங்க எல்லாம் எப்ப வருவாங்க?" நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வந்த பயணம் முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

மலைக்குச் செல்வோர் மார்க்கத்திலிருந்தே ஆதாரம் காட்டுவார்கள். நபி (ஸல்) அவர்களைக் குழந்தைப் பருவத்தில் மக்கா நகரிலிருந்து பாலைவனத்துக்கு, ஹலீமா (ரலி) அவர்களிடம் வளர அனுப்பினார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் அனுப்பப்பட்டது ஆளில்லாத வெளிக்கு அன்று. பனூ ஸஅத் என்ற குலத்தாரிடம். அங்கே பால்குடிச் சகோதரர்கள் இருந்தார்கள். ஆடுகளோடு மலையுச்சிக்குப் போகும் காலம் வரும் என்ற புகாரியின் நபிமொழியையும் சொல்வார்கள். அது குழப்பங்களிலிருந்து தன் மார்க்கத்தைக் காத்துக்கொள்ள ஓடுகிறவனைப் பற்றியது. காற்று மாற்றத்துக்குச் செல்லும் நமக்கு அதை எடுத்துப் போர்த்திக்கொள்வது சற்றே துணிச்சலான காரியம்.

மலைகள் சூழ்ந்த ஓரிடத்தில் பிள்ளையை விட்டுவந்த தந்தை ஒருவர் இருக்கிறார். இப்ராஹீம் (அலை) அவர்கள் பயிர் விளையாத பள்ளத்தாக்கில் மனைவியையும் குழந்தையையும் விட்டுத் திரும்பும்போது கேட்ட துஆ, குர்ஆனில் அவர்கள் பெயராலேயே அமைந்த அத்தியாயத்தின் 37ஆம் வசனத்தில் இருக்கிறது. அதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தொழுகையை நிலைநாட்டுவது. அடுத்து, மனிதர்களின் உள்ளங்கள் அவர்களை நாடி வருவது. கனிகள் அதற்கும் பிறகுதான். நாம் வீடு தேடும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறோம்.

அந்தப் பள்ளத்தாக்குக்கு ஜுர்ஹும் குலத்தார் வந்து தங்க அனுமதி கேட்டபோது, ஹாஜர் (அலை) அவர்கள் தண்ணீரின் உரிமை தமக்கே என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள். மனிதத் துணையை அவர்கள் விரும்பியிருந்தார்கள் என்று புகாரியின் அறிவிப்பு சொல்கிறது. இஸ்மாயீல் (அலை) அந்த மக்களிடமே அரபு மொழியைக் கற்று வளர்ந்தார்கள். ஸம்ஸம் ஊற்றெடுத்த பிறகும், பிள்ளை வளர மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

நான் வளர்ந்த கீழக்கரைக்கு வருகிறேன். சுபுஹுக்குப் பின் மக்தப். நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு ஓட்டம். தொழுகை நேரத்தில் கடற்கரையில் பந்து விளையாடினால், நான் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி உம்மாவின் காதுக்குப் போயிருக்கும். சொன்னவர் மோதினாராக இருக்கலாம், தொதல் விற்கும் பாட்டியாக இருக்கலாம், பெயர் தெரியாத ஒரு காக்காவாகவும் இருக்கலாம். அன்று அவர்களை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இன்று என் மகனைக் கண்டிக்க என்னையும் என் மனைவியையும் தவிர உலகில் யாருமில்லை என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இந்தக் கண்காணிப்பு நம் சமுதாயத்துக்குள் மட்டும் இருந்ததில்லை. இராமேஸ்வரத்தில் சிறுவன் அப்துல் கலாமைப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், கோயில் குருக்களின் மகன் அருகிலிருந்து எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பியபோது, அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தவர் அந்தக் குருக்களான இலட்சுமண சாஸ்திரிகளேதான். கலாமின் தந்தை ஜைனுலாபிதீனுக்கு அவர் நண்பர். ஒரு பிள்ளைக்கு அநீதி நேர்ந்தால் பக்கத்துத் தெரு கேட்கும் என்ற நிலை, காசு கொடுத்து வாங்கும் நிலத்தோடு கிடைப்பதில்லை. தலைமுறைகளாகப் பழகி வந்தது.

ஊரைப் புகழ்ந்துகொண்டே போனால் அது பொய்யாகிவிடும். என் லாத்தாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதே கண்காணிப்பு அவர்களுக்குச் சிறையாயிற்று. 1988இல் தாஸீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி ஊரிலேயே தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. அல்ஹம்துலில்லாஹ், இன்று லாத்தாவின் மகள்கள் பட்டதாரிகள். மருத்துவத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மதுரைக்கு ஓடிய காலம் நமக்குத் தெரியும். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல்தான். தண்ணீர்க் கவலை இன்னும் முழுதாகத் தீரவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்த கடலும் இதே கடல்தான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேறு. நம் ஊர்கள் பிள்ளைகளை நன்றாக வளர்த்தன, ஆனால் வாப்பாக்கள் இல்லாமல் வளர்த்தன. கொழும்பு, பர்மா, பிறகு வளைகுடா என்று ஆண்கள் சபர் போனார்கள். என் வாப்பா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து, நான் கூச்சம் தெளிந்து பேசத் தொடங்கும் வேளையில் திரும்பிவிடும் விருந்தாளி. அவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் கூரையும் கல்வியும் அந்தச் சபரின் வருமானம். ஆனால் ஊருக்குத் திரும்புவது என்றால் மனைவி மக்களை அங்கே விட்டு நான் மட்டும் சென்னைக்கோ துபாய்க்கோ போவதாக இருக்கக் கூடாது. அப்படியானால் மலைவீடே மேல். அங்கே குறைந்தபட்சம் வாப்பா உடனிருப்பான்.

எனவே என் கருத்து இது: வீட்டுக்கு இடம் பார்க்கும் முன், பஜ்ருக்கு மகன் தனியே நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல் உண்டா, அவன் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆளுண்டா என்று பாருங்கள். கொடைக்கானல் நகரிலும் பள்ளிவாசலும் ஜமாஅத்தும் உண்டு. அந்த மஹல்லாவில் கலந்து வாழப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. தனியே வேலியிட்டு வாழப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. எனவே நான் திரும்புவது என் மனைவியின் வீட்டுக்கு. சம்பளம் ஏறக்குறைய பாதியாகும். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம், சிரமம்தான். ஜூனில் பள்ளி திறக்கும் முன் போய்விட வேண்டும், இன்ஷா அல்லாஹ். மாடியறைக்குச் சுண்ணாம்படிக்க மாமி ஆள் சொல்லிவிட்டார்கள். மலை நிலத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.