சிஸ்டர் சிரிக்கலைன்னு சொல்றதுக்கு முன்னாடி...

மே 12 வந்தா போதும், வாட்ஸப் முழுக்க விளக்கேந்திய சீமாட்டி படம்தான். கீழே 'வெள்ளுடை தேவதைகளுக்கு வாழ்த்துகள்'னு ரெண்டு பூ, நாலு கைகூப்பு. பத்து நாள் கழிச்சு வாழ்த்து அனுப்புன அதே ஆளு, "அந்த ஆஸ்பத்திரி பக்கமே போயிடாதீங்க, சிஸ்டருங்க எல்லாம் எரிஞ்சு எரிஞ்சு விழறாங்க"ன்னு புலம்புவார். வாழ்த்துறதும் திட்டுறதும் வேற வேற மாதிரி தெரிஞ்சாலும் அடியில இருக்குற நம்பிக்கை ஒண்ணுதான். நர்ஸிங்னா அது ஒரு குணம், மனசு நல்லா இருந்தா சேவை நல்லா இருக்கும், மனசு கெட்டா சேவை கெடும்ங்கிற நம்பிக்கை.

எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்குங்க மக்கா :-)

முதல்ல அந்த விளக்கேந்திய சீமாட்டி. நைட்டிங்கேல் அம்மா விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நடந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவங்க கணக்குப் புலி. கிரிமியப் போர்ல துப்பாக்கிக் குண்டுல செத்தவங்களை விட, தடுத்திருக்கக்கூடிய நோய்ல செத்த சிப்பாய்ங்கதான் ரொம்ப அதிகம்னு 1858ல வரைபடம் போட்டுக் காட்டி அரசாங்கத்தை ஆட்டிவைச்சவங்க. சாக்கடை, காத்து, தண்ணி, எண்ணிக்கைன்னு பேசுனவங்களை நாம 'கருணை'ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ள அடைச்சு சாமி ஆக்கிட்டோம். சாமி ஆக்கிட்டா ஒரு வசதி இருக்கு பாருங்க. சாமிக்கு சம்பளம் கேக்கத் தெரியாது.

அதுக்காக நர்ஸுங்க மனப்பான்மையில பிரச்சினையே இல்லைன்னு நான் ஜல்லியடிக்கப் போறதில்லை. இருக்கு. அதை ஆராய்ச்சி பண்ணி எழுதுனதும் நர்ஸுங்கதான். 1972ல இங்கிலாந்துல ஃபெலிசிட்டி ஸ்டாக்வெல்னு ஒரு நர்ஸ், வார்டுல யாரை எல்லாருக்கும் பிடிக்குது, யாரைப் பிடிக்கலைன்னு உக்காந்து கவனிச்சு ஒரு ஆய்வு வெளியிட்டார். சிரிச்சுப் பேசுறவங்க, நர்ஸ் பேர் தெரிஞ்சு வச்சுக் கூப்பிடுறவங்க, சொன்னதைக் கேக்குறவங்க 'நல்ல' பேஷண்ட். குறை சொல்றவங்க, ரொம்ப நாள் படுத்திருக்குறவங்க, வெளிநாட்டுக்காரங்க, 'இவங்க இங்க இருக்க வேண்டிய கேஸே இல்ல'ன்னு தோணுறவங்க எல்லாம் பிடிக்காத பேஷண்ட். பிடிக்காதவங்க கூப்பிட்டா காதுல விழாத மாதிரி போறது, கேட்டதை மறந்துபோறது, கிண்டலாப் பேசுறது, அவங்களுக்கு மட்டும் ரூல்ஸைக் கறாராப் போடறது, இதெல்லாம் அதுல பதிவாகியிருக்கு. படிச்சா நம்ம ஊர் வார்டுதான் ஞாபகம் வரும். பூச்சிமருந்து குடிச்சிட்டு வந்தவர், குடிச்சுக் குடிச்சு ஈரல் போனவர், யாரும் கூட இல்லாத கிழவர். இவங்ககிட்ட குரல் எப்படி மாறுதுன்னு ஒரு ராத்திரி தங்குனவங்களுக்குத் தெரியும்.

ஆனா ஏன் இப்படி? இதுக்கு ஸ்டாக்வெல்லுக்கு 12 வருஷம் முன்னாடியே ஒரு பதில் வந்திருச்சு. 1960ல இசபெல் மென்சீஸ்னு ஒரு மனப்பகுப்பாய்வாளர், லண்டன்ல ஒரு பெரிய போதனா மருத்துவமனையோட நர்ஸிங் பிரிவை ஆராய்ஞ்சார். அங்க நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடாம கட்டில் நம்பர், நோய், உறுப்பு பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. ஒரே நர்ஸ் ஒரே நோயாளியை முழுசாப் பாக்குறதில்லை. ஒருத்தர் எல்லாருக்கும் பிபி, இன்னொருத்தர் எல்லாருக்கும் பெட்பேன். மென்சீஸ் சொன்னது என்னன்னா, இது கல்நெஞ்சம் இல்லை, தற்காப்பு. தினம் சாவையும் வலியையும் பாக்குற 19, 20 வயசுப் பொண்ணுங்களுக்கு அந்த பயத்தைத் தாங்க வேற எந்த உதவியும் கொடுக்கல. அதனால அந்த அமைப்பே நோயாளியைத் துண்டு துண்டா வெட்டிக் கொடுத்து, பாசம் வைக்க வழியில்லாம பண்ணிருச்சு. அதுலயும் ஒரு கொடுமை என்னன்னா, படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போன மாணவிகள்ல அக்கறையான, திறமையான பொண்ணுங்க நிறைய பேர். வேலை மேல ஆசையா வந்தவங்களைத்தான் அந்த வேலை முதல்ல துரத்துச்சு.

அதாவது நாம 'மனசு'ன்னு திட்டுறதுல பெரும்பங்கு, ஆஸ்பத்திரி வேலையைப் பிரிச்சுக் கொடுக்குற விதம்.

சொந்தக் கதை ஒண்ணு சொல்லித்தான் ஆகணும். எங்க பெரியப்பா இடுப்பெலும்பு முறிஞ்சு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கிடந்தார். பேர் வேணாம், எந்த ஊருன்னாலும் இதே கதைதான். ஆறாம் நாள் பின்னிடுப்புல தோல் கருத்து, புண்ணாகி இருந்தது. அண்ணன் கோவத்துல சிஸ்டர்கிட்ட, "ஏம்மா, ராத்திரி ஒரு தடவையாச்சும் வந்து பாத்தியாம்மா?"ன்னு சத்தம் போட்டார். அந்தப் பொண்ணு அழல, எதிர்த்தும் பேசல. "சார், இந்த ஃப்ளோர்ல 17 பேரு. நானும் செகண்ட் இயர் படிக்கிற ஒரு பொண்ணும்தான் டூட்டி. ரெண்டு பேருக்கு ரத்தம் ஏறிட்டு இருந்துச்சு சார்"னு மட்டும் சொல்லுச்சு. நான் போய் எண்ணிப் பாத்தேன். 17 சரியா இருந்துச்சு. மறுநாள் மேனேஜ்மெண்ட் ஆள் ஒருத்தர் வந்து, "அந்த சிஸ்டரை வார்ன் பண்ணிட்டோம் சார்"னார். புண்ணுக்கு பவுடரும், வாட்டர் பெட் வாங்கச் சீட்டும் கொடுத்தாங்க. இன்னொரு நர்ஸ் வைக்கிறதைப் பத்தி யாரும் வாயே திறக்கல.

படுக்கைப்புண்ணுக்கு என்ன வழின்னு கண்டுபிடிச்சதும் ஒரு நர்ஸ்தான். டோரீன் நார்ட்டன், 1962. அதுவரைக்கும் ஸ்பிரிட்டு, பவுடர், எண்ணெய்னு ஆளாளுக்கு ஒண்ணைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க குழு லண்டன்ல வயசான நோயாளிகளை வச்சு ஆராய்ஞ்சு, என்னத்தத் தேய்க்கிறோம்ங்கிறதை விட, எத்தனை மணிக்கொரு தடவை புரட்டிப் போடறோம்ங்கிறதுதான் முக்கியம்னு காட்டுச்சு. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலஜலக் கட்டுப்பாடுன்னு அஞ்சு விஷயத்துக்கு மார்க் போட்டு, யாருக்குப் புண் வரும்னு முன்கூட்டியே சொல்ற அளவுகோலும் அங்கதான் பிறந்தது. ஆக வைத்தியம் எளிசு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ரெண்டு ஜோடி கை வேணும். அந்தக் கைதான் நம்மகிட்ட இல்லை.

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். 2002ல லிண்டா ஐக்கன் குழு, பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரி, 10,000க்கும் மேல நர்ஸுங்க, 2,30,000க்கும் மேல அறுவை சிகிச்சை நோயாளிகள்னு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டுச்சு. ஒரு நர்ஸ் தலையில ஒரு நோயாளி கூடினா, 30 நாளைக்குள்ள நோயாளி இறக்குற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. 4 பேரைப் பாத்த நர்ஸ் 8 பேரைப் பாத்தா 31 சதவீதம். நூத்துக்கு 7 பேர் சாவாங்கன்னு இதைப் புரிஞ்சுக்கக் கூடாது. ஆயிரத்துக்கு 20 பேர் இறக்குற இடத்துல அது 26 கிட்டப் போகும்னு வச்சுக்குங்க. அந்த ஆறு பேர் யார் வீட்டு ஆளுங்கங்கிறதுதான் கேள்வி. அதே ஆய்வுல, ஒரு நோயாளி கூடினா நர்ஸ் மனசு கருகிப்போற வாய்ப்பு 23 சதவீதம் கூடுதுன்னும் வந்தது. நாம திட்டுற அந்த 'எரிஞ்சு விழறது' இருக்கே, அதுக்கும் எண்ணிக்கை இருக்கு சாமி!

2014ல 9 ஐரோப்பிய நாடுகள், 300 ஆஸ்பத்திரின்னு செஞ்ச ஆய்வுலயும் கிட்டத்தட்ட இதே 7 சதவீதம். அதோட இன்னொண்ணு: பட்டப்படிப்பு படிச்ச நர்ஸுங்க பங்கு 10 சதவீதம் கூடினா இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறையுது. 'நர்ஸுக்கு எதுக்குங்க டிகிரி, ஊசி போடத் தெரிஞ்சா போதாதா'ன்னு கேக்குறவங்களுக்கு இது பதில். ஊசி போடறது வேலையில கால்வாசி கூட இல்ல. நாடித்துடிப்பு ஏறுது, பிபி இறங்குது, உள்ள எங்கயோ ரத்தம் கசியுதுன்னு ராத்திரி மூணு மணிக்குப் புரிஞ்சுக்கிட்டு டாக்டரை எழுப்புறதுதான் நர்ஸிங். நம்ம வேலூர்ல 1909லயே ஐடா ஸ்கடர் செவிலியர் பயிற்சி ஆரம்பிச்சாச்சு. 1946ல வேலூர்லயும் டெல்லியிலயும் பட்டப்படிப்பே வந்தாச்சு. இவ்வளவு வருஷமாகியும் கல்யாணச் சந்தையில 'பொண்ணு நர்ஸா?'ன்னு இழுக்குற வாய் மட்டும் மாறல.

'சேர்ந்து வருதுங்கிறதால அதுதான் காரணம்னு ஆகிடுமா?'ன்னு விவரமானவங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ஆஸ்திரேலியா. குவீன்ஸ்லாந்துல 2016ல, பகல்ல ஒரு நர்ஸுக்கு 4 பேர், ராத்திரி 7 பேர்னு சில அரசு ஆஸ்பத்திரிகள்ல விதி கொண்டு வந்தாங்க. விதி வந்த 27 ஆஸ்பத்திரிகளையும் வராத 28ஐயும் முன்னாடி பின்னாடி ஒப்பிட்டு 2021ல முடிவு வந்துச்சு. விதி வந்த இடத்துல இறப்பு குறைஞ்சது, திரும்ப அட்மிட் ஆகுறது கூடல. கூடுதல் நர்ஸுக்கு ஆன செலவை விட மிச்சமான பணம் ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால 'காசு இல்லீங்க'ங்கிற பேச்சும் அடிபட்டுப் போகுது. கலிபோர்னியாவுல 1999லயே சட்டம் போட்டு 2004ல அமலுக்குக் கொண்டு வந்தாங்க. சாதாரண வார்டுல 6 பேருக்கு ஒருத்தர், 2005ல அது 5. அதைத் தள்ளிப்போடப் பாத்தவர் யார் தெரியுமா? அப்ப கவர்னரா இருந்த நம்ம டெர்மினேட்டர் அர்னால்டு! நர்ஸுங்க விடாம கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாங்க.

நம்ம ஊர்ல? இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனையில 3 பேருக்கு ஒரு நர்ஸ், மத்ததுல 5 பேருக்கு ஒருத்தர். காகிதத்துல அருமை. இது ஏன் நம்ம கண்ணுல படறதில்லைன்னு யோசிச்சா எனக்குத் தோணுற காரணம் 'அட்டெண்டர்'. கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும்ங்கிற விதி. அமெரிக்காவுல பியாட்ரிஸ் கலிஷ்னு ஒரு ஆய்வாளர் 2006ல, நேரமில்லாம நர்ஸுங்க விட்டுப்போற வேலைகளைப் பட்டியல் போட்டார். நடக்க வைக்கிறது, புரட்டிப் போடறது, சோறு ஊட்டறது, சுத்தம் பண்றது, ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசறது... இங்க இத்தனையும் செய்யறது பேஷண்டோட பொண்டாட்டி, மருமக, கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்திருக்குற தங்கச்சி. நம்ம குடும்பங்க இலவசமா வேலை பார்த்து ஆஸ்பத்திரியோட ஓட்டையை அடைக்குது. ஆனா அந்தப் பட்டியல்ல குடும்பத்தால செய்யவே முடியாத ஒண்ணு இருக்கு: கண்காணிப்பு. தங்கச்சிக்கு மூச்சு எண்ணத் தெரியாது. 'நல்லா தூங்குறார்'னு நினைச்சுக்கிட்டு இருப்பா.

சம்பளக் கதை தனி. 2016ல உச்ச நீதிமன்றம் சொல்லி அமைச்ச குழு, 50 படுக்கைக்குக் கீழ இருக்குற சின்ன ஆஸ்பத்திரியா இருந்தாலும் மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாதுன்னுச்சு. 200 படுக்கைக்கு மேலன்னா அரசு நர்ஸுக்குச் சமமா கொடுக்கணும்னுச்சு. கேரளாவுல நர்ஸுங்க போராடி 2018ல 20,000த்தைக் குறைந்தபட்ச ஊதியமா ஆக்குனாங்க. இங்க 2017 நவம்பர்ல, தொகுப்பூதியத்துல இருந்த அரசு நர்ஸுங்க சென்னையில உக்காந்து போராடினப்ப நம்மள்ல பாதிப்பேர் என்ன சொன்னோம்? 'சேவை பண்றவங்க ஸ்டிரைக் பண்ணலாமா?' மறுபடி அதே தேவதை வியாதி.

நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ஒவ்வொரு வார்டு வாசல்லயும் ஒரு பலகை: இந்த ஷிப்ட்ல எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், எத்தனை பேர் இருந்திருக்கணும். மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் ஆஸ்பத்திரி அவலம் பத்தி 2013ல பிரான்சிஸ் அறிக்கை வந்த பிறகு இங்கிலாந்துல அப்படித்தான் எழுதிப் போட வச்சாங்க. செலவு? ஒரு சாக்பீஸ். ரெண்டு, படிக்கிற பிள்ளைங்களை அந்தக் கணக்குல சேர்க்கக் கூடாது. கத்துக்க வந்த பொண்ணை வேலைக்காரியா ஆக்கினா, அவ கத்துக்கறது எப்படி ஓடி ஒளியறதுங்கிறதைத்தான்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில தங்க நேர்ந்தா, 'சிஸ்டர் சிரிக்கல'ன்னு புகார் எழுதறதுக்கு முன்னாடி வார்டை ஒரு சுத்து சுத்தி தலையை எண்ணுங்க. எண்ணுன நம்பரைப் புகார்ல எழுதுங்க. அந்தப் பொண்ணு பேரை எழுதாதீங்க.

பி.கு.: நர்ஸிங் துறையில இருக்குற பதிவர்கள் உங்க வார்டுக் கணக்கைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆஸ்பத்திரி பேர் வேணாம், வேலைக்கு வேட்டு வச்சுடுவாங்க.