மஞ்சள் இலைக்கு மூட்டை மருந்தா?

கோவை, திருப்பூர், திண்டுக்கல், அரியலூர் பக்கத்துச் சுக்கான் (சுண்ணாம்பு மிகுந்த) நிலங்களில் நிலக்கடலை விதைத்து ஒரு மாதம் ஆவதற்குள் கொழுந்து வெளுக்கத் தொடங்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், நடுவில் உள்ள பரப்பு மஞ்சளாகும். முற்றினால் இலை வெளிறி வெள்ளையாகவே ஆகிவிடும். உரக்கடையில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது: “மண்ணில் இரும்புச் சத்து இல்லை, ஏக்கருக்கு ஒரு மூட்டை நுண்ணூட்டக் கலவை போடுங்கள்.” பக்கத்துக் காட்டுக்காரரும் இதையேதான் சொல்கிறார். சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு அடியிலிருந்தே தவறு. அந்தத் தவறுக்கு ஆண்டுதோறும் விலை கொடுப்பவர் விவசாயி.

முதலில் ‘இரும்பு இல்லை’ என்ற வாதம். ஓர் ஏக்கரில் மேல் அரை அடி மண் சுமார் 900 டன் எடை இருக்கும். அதில் இரும்பு ஒரு சதவீதம்தான் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 9,000 கிலோ ஆகிறது. பெரும்பாலான மண்ணில் இதைவிட அதிகம் உண்டு. கடையில் வாங்கிப் போடும் இருபது கிலோ அன்னபேதியில் (இரும்பு சல்பேட்) உள்ள இரும்போ நான்கு கிலோவுக்கும் குறைவு. காலடியில் 9,000 கிலோவை வைத்துக்கொண்டு இந்த நான்கு கிலோவுக்காகவா பயிர் காத்திருக்கிறது? நிலக்கடலை வெளுத்த அதே வயலில் தண்ணீர் கட்டி நெல் நட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். நெல்லுக்கு இரும்புக் குறை அநேகமாக வருவதில்லை. தேங்கிய நீரில் காற்று அறுபட, துருவாகக் கிடந்த இரும்பு கரையும் நிலைக்கு மாறிவிடுகிறது. மண்ணும் மாறவில்லை, இரும்பின் அளவும் மாறவில்லை.

மாறுவது கரைதிறன். மண்ணின் கார அமில நிலை (pH) ஓர் அலகு ஏறினால் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுண்ணாம்பு அந்த நிலையை 7.5க்கும் 8.5க்கும் இடையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு கரைந்து உண்டாகும் பைகார்பனேட் வேரின் வேலையையும் கெடுக்கிறது.

‘அன்னபேதியை மண்ணில் தூவினால் போதும்’ என்பது அடுத்தது. இளம்பச்சைப் படிகமான அன்னபேதியைக் கார ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்து ஒரு வாளியில் வைத்துப் பார்க்கலாம். தெளிவாக இருந்த கரைசல் கலங்கிச் செம்பழுப்பாகும், அடியில் துரு படியும். வயலிலும் இதுவேதான் நடக்கிறது. போட்ட உப்பு, மண்ணில் ஏற்கெனவே மலிந்து கிடக்கும் துருவோடு துருவாகச் சேர்ந்துவிடுகிறது. வேளாண் பல்கலைக்கழகமே மண்ணில் இடச் சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நுண்ணூட்டத்தைப் பத்து மடங்கு தொழுவுரத்தில் கலந்து, ஈரப்பதத்தோடு நிழலில் முப்பது நாள் ஊறவைத்த பிறகு இடவேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் முறை. தொழுவுரத்தின் கரிமப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு துருவாகாமல் காக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு வெறும் உப்பை மட்டும் வாங்கித் தூவுவதால்தான் பலன் கிடைப்பதில்லை.

இரும்பைக் கரிம மூலக்கூறால் பற்றிக் காக்கும், விலை கூடிய சிலேட் (chelate) வகைகளை நாடுவோரும் உண்டு. “சிலேட் என்றால் எந்த மண்ணிலும் வேலை செய்யும்” என்பது அவர்களுக்குச் சொல்லப்படும் உறுதி. சிலேட்டில் பல வகை உண்டு. சந்தையில் அதிகம் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. இரும்பு, கார அமில நிலை 6.5ஐத் தாண்டினாலே நிலை குலைகிறது. மண்ணிலுள்ள கால்சியம் இரும்பை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். டி.டி.பி.ஏ. இரும்பு சுமார் 7.5 வரை தாங்கும். சுக்கான் மண்ணில் நின்று வேலை செய்வது ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான். நீரில் கரைத்தால் அடர்சிவப்பாக இருக்கும். விலையும் மிக அதிகம், அதனால் திராட்சை, எலுமிச்சை போன்ற தோட்டப் பயிருக்குக் கட்டுப்படியாகலாம், மானாவாரிக் கடலைக்கு ஆகாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘சிலேட்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிப் பணம் கட்டச் சொல்வது நியாயமல்ல.

‘அப்படியானால் சுண்ணாம்பையே ஒழித்துவிடலாம், கந்தகம் போடலாம், ஜிப்சம் போடலாம்’ என்போருக்கு ஒரு கணக்கு. மண்ணில் சுண்ணாம்பு ஒரே ஒரு சதவீதம் இருந்தால்கூட ஏக்கருக்கு மேல் அரை அடியில் அது ஒன்பது டன். அதை முறிக்க ஏறத்தாழ மூன்று டன் கந்தகம் வேண்டும். பத்து சதவீதம் இருக்கும் நிலத்துக்கு இருபத்தொன்பது டன்! ஏக்கருக்கு ஐம்பது கிலோ போடுவது கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஜிப்சம் களர் நிலத்துக்கு நல்ல மருந்து, நிலக்கடலைக்குக் காய் பிடிக்கக் கால்சியமும் கந்தகமும் தரும். சுண்ணாம்பை முறிக்கும் வேலை அதற்குக் கிடையாது.

மழைக்குப் பிறகு வெளுப்பு கூடினால் ‘சத்து அடித்துக்கொண்டு போய்விட்டது’ என்று இன்னொரு மூட்டை வாங்கச் சொல்வதும் வழக்கம். நடப்பது வேறு. ஈரம் தேங்கிய மண்ணில் வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் சுண்ணாம்பைக் கரைத்துப் பைகார்பனேட்டைப் பெருக்குகிறது. அந்த நேரத்தில் தேவை வடிகாலும், அடுத்த பாசனத்தைத் தள்ளிப்போடுவதும்தான்.

இதையெல்லாம் வைத்து, சுண்ணாம்பு மண்ணில் நுண்ணூட்டம் போடுவதே வீண் என்ற முடிவுக்கு வந்தால் அதுவும் தவறு. துத்தநாகத்தின் கதை வேறு. 1966இல் பந்த்நகரில் பயிர்நோய் ஆய்வாளர் யஷ்வந்த் நேனே, இமயமலை அடிவாரத் தராய் நிலங்களில் நெல்லைத் துருநிறமாக்கி அழித்த ‘கைரா’ நோய்க்குக் கிருமி காரணமல்ல, துத்தநாகக் குறைதான் என்று கண்டறிந்தார். துருக்கியின் மத்திய அனடோலியா சுண்ணாம்புச் சமவெளிகளில் 1990களில் இஸ்மாயில் சக்மக்கின் குழு துத்தநாகம் இட்டபோது கோதுமை விளைச்சல் சில வயல்களில் இரட்டிப்பையும் தாண்டியது. பத்தாண்டுகளில் அந்நாட்டில் துத்தநாகம் கலந்த உரம் லட்சக்கணக்கான டன் விற்கத் தொடங்கியது. மண்ணில் இட்ட துத்தநாகம் இரும்பைப் போல உடனே வீணாவதில்லை, பல போகத்துக்குப் பலன் தரும். டி.ஏ.பி.யோடு கலந்து போட்டால் மட்டும் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடும்.

மாலிப்டினமோ நேர் எதிர். கார மண்ணில் அது தானாகவே அதிகம் கிடைக்கும். ஒன்று பூட்டிக் கிடக்கிறது, ஒன்று உண்மையிலேயே குறைவு, ஒன்று தாராளம். அப்படியிருக்க எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி ‘சர்வ நுண்ணூட்டம்’ என்று விற்பதில் என்ன பொருத்தம் இருக்கிறது?

பழி முழுவதையும் மண்ணின் மேல் போடுவதும் சரியல்ல, பயிருக்கும் இதில் பங்குண்டு. பிரான்சில் வேர்ப்பேன் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, பேனைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளைக் கொண்டுவந்து ஒட்டுக் கட்டினார்கள். கொன்யாக் பகுதியின் சுண்ணாம்பு மண்ணில் அவை மஞ்சளாகி மடிந்தன. சுண்ணாம்பைத் தாங்கும் வேர்ச்செடி தேடி 1887இல் திராட்சை ஆய்வாளர் பியர் வியாலா அமெரிக்கா அனுப்பப்பட்டார். டெக்சஸின் திராட்சை வளர்ப்பாளர் டி.வி. மன்சன் அவருக்குக் காட்டிய காட்டுத் திராட்சைகளில் ‘பெர்லாண்டியேரி’ சுண்ணாம்புப் பாறையிலேயே பச்சையாக வளர்வது. அதன் வழிவந்த வேர்ச்செடிகளே அந்தத் தோட்டங்களை மீட்டன. நிலக்கடலையிலும் இது பொருந்தும். நெடுநாளாகப் பயிராகும் டி.எம்.வி. 2 ரகம் எளிதில் வெளுக்கிறது, ஐ.சி.ஜி.வி. 86031 ரகம் தாங்கி நிற்கிறது. சீனாவின் வட சமவெளியில் கடலையோடு மக்காச்சோளத்தை ஊடுபயிராக்கியபோது கடலையின் வெளுப்பு குறைந்ததை சுவோ யுவான்மெய் குழு 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. மக்காச்சோளத்தின் வேர் சுரக்கும் பொருள் துருவிலிருந்து இரும்பைக் கரைத்து எடுக்கிறது, பக்கத்து வரிசைக் கடலைக்கும் அது உதவுகிறது.

நின்ற பயிருக்கு என்ன வழி? இலைவழித் தெளிப்பு. ஒரு சதவீத அன்னபேதியுடன் 0.1 சதவீத சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவேண்டும். இலையில் இட்ட இரும்பு புதுக் கொழுந்துக்கு எளிதில் ஏறாது என்பதால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் தேவைப்படும். வெளுப்புக்குக் காரணம் இரும்புதானா என்ற சந்தேகம் இருந்தால், 1840களில் பிரான்சில் யூசெப் கிரி செய்தது போல நீர்த்த இரும்பு உப்புக் கரைசலை ஓர் இலையின் பாதியில் மட்டும் தடவலாம். சில நாளில் தடவிய பாதி பச்சையானால் இரும்புதான். ஆகாவிட்டால் செலவு மிச்சம்.

நாடெங்கும் 2015 முதல் தரப்படும் மண்வள அட்டையில் பன்னிரண்டு கணக்குகள் உண்டு. இரும்பு, துத்தநாகம், கார அமில நிலை எல்லாம் அதில் இருக்கின்றன, சுண்ணாம்பின் அளவு மட்டும் இல்லை. சுக்கான் நிலத்துக்காரர் மண் மாதிரி கொடுக்கும்போது அதையும் பார்த்துச் சொல்லும்படி கேட்கவேண்டும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு மண் நுரைத்துப் பொங்கும். ஆய்வுக்கூடத்தில் நொடியில் முடியும் அந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த மூட்டையும் பரிந்துரைக்கக் கூடாது.