ஒருநாட் பயிற்சியும் ஊரின் தலைமையும்

தொண்டு செய்தலை நோக்கமாகக் கொண்ட கழகங்கள் தம் இளம் உறுப்பினர்க்குத் ‘தலைமைத்துவப் பயிற்சி நாள்’ நடத்துதல் இன்று வழக்கமாகிவிட்டது. லயன்ஸ், ரோட்டரி முதலான சர்வதேசக் கழகங்களைச் சார்ந்த லியோ, ரோட்டராக்ட் கிளைகள் இலங்கையின் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இயங்கி வருகின்றன. அவை நடத்தும் பயிற்சியின் நிகழ்ச்சிநிரல் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. காலையில் மங்கல விளக்கேற்றல், அதன்பின் அதிதிகள் உரை, குழு விளையாட்டு, ஆளுமை, நேர முகாமை, மேடைப்பேச்சு ஆகியன பற்றிய விரிவுரைகள், மாலையில் சான்றிதழ். இந்நாள் கொழும்பு விடுதியொன்றில் நடைபெறினும், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி வீதியிலுள்ள சாம்பல்தீவு போன்றதொரு கிராமத்தில் நடைபெறினும் அதன் அமைப்பில் மாற்றமிராது. ஊருக்கு ஊர் வாழ்க்கையும் தொழிலும் துன்பங்களும் வேறுபட, அவ்வூர்களை வழிநடத்தக் கற்பிக்கும் முறை மட்டும் வேறுபடாதிருப்பது பொருத்தமுடையதா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இம்முறையின் பிறப்பிடம் அமெரிக்கா. 1905இல் ரோட்டரியும் 1917இல் லயன்ஸ் கழகமும் சிகாகோ நகரின் வணிகர், தொழில்துறையினர் நடுவே தோன்றின. முதலாவது லியோ கழகம் 1957இல் பென்சில்வேனியா மாநிலத்துப் பாடசாலை ஒன்றில் அமைந்தது. லியோ என்னும் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துக்களும் தொடக்கத்தில் தலைமை, சமத்துவம், வாய்ப்பு ஆகிய மூன்றையும் குறித்தன. பின்னர் சமத்துவம் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் அனுபவம் அமர்த்தப்பட்டது. இதனைச் சிறியதொரு சொன்மாற்றம் எனச் சிலர் கருதலாம். ஆயினும் சமத்துவம் என்பது பிறரோடு ஒருவன் கொள்ளும் உறவைப் பற்றியது. அனுபவம் என்பதோ அவன் தனக்கெனச் சேர்த்துக்கொள்வது. இன்றைய பயிற்சி நாட்களின் போக்கு இம்மாற்றத்தோடு நன்கு பொருந்துகின்றது. அங்கு இளைஞன் பெறுவன அனைத்தும் அவனுடைய தன்விபரக் கோவைக்கே சென்று சேருகின்றன. எந்த ஊருக்குத் தலைமை தாங்கப் பயில்கின்றானோ அந்த ஊருக்குக் கிடைப்பது யாதென ஒருவரும் வினவுவதில்லை.

தலைமை என்பது வெளியிலிருந்து கொணர்ந்து கொடுக்கப்படும் பொருள் என்ற எண்ணமே இப்பயிற்சிகளின் அடிப்படைத் தவறாகும். கிழக்குக் கரையோரத்தில் கரைவலை இழுப்போரிடையே மண்டாடி என்றொருவர் உளர். நீரின் நிறத்தையும் நீரோட்டத்தையும் நோக்கி, வலை வளைக்கும் தருணத்தைத் தீர்மானிப்பவர் அவர். அவர் சொல்லுக்குப் பலர் ஒருங்கே கயிறு பிடிப்பது அவர் சான்றிதழ் பெற்றதனால் அன்று. அவரது கணிப்புத் தவறினால் எல்லாருடைய பங்குங் குறையும் என்பதையும், அவருடைய பங்கும் அவற்றுள் அடங்கும் என்பதையும் அனைவரும் அறிவர். தம்பலகாமம் முதலிய வயற்பிரதேசங்களில் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையை விவசாயிகளே தெரிவு செய்கின்றனர். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கோயிற் பரிபாலன சபை ஆகியவற்றிலும் கணக்கெழுதவும் பிணக்குத் தீர்க்கவும் வல்லவர்கள் உளர். இத்தலைமைகள் குற்றமற்றவை அல்ல. சாதியும் செல்வமும் ஆண்களின் மேலாண்மையும் அவற்றுட் புகுந்துள்ளன. எனினும் அவை ஊராருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. பயிற்சி நாளில் உருவாகும் தலைவன் எவருக்குப் பதில் சொல்வான்?

இவ்வினா வெறுங் கற்பனை அன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோள் இக்கரையைத் தாக்கிய பின்னர் உதவி நிறுவனங்கள் பெருந்தொகையாக வந்தன. நல்லெண்ணத்திற்கும் பணத்திற்கும் அப்போது குறைவிருக்கவில்லை. இருந்தும், இழந்த படகுகளிலும் மிகுதியான சிறுபடகுகள் இலங்கைக் கரையோரத்தில் வழங்கப்பட்டன என்பது பின்னர் வெளிவந்த மதிப்பீடுகளால் தெளிவாயிற்று. படகிழந்தவர் எவர், கூலிக்குக் கடலுக்குச் சென்றவர் எவர், வலை மட்டும் இழந்தவர் எவர் என்பவற்றை ஊர்ச் சங்கத்தார் அறிவர். அவர்களிடம் பொறுமையாகக் கேட்டறியும் பயிற்சி வந்தவர்களிடம் போதியதாக இருக்கவில்லை. பேசக் கற்றவர் பலராகவும் கேட்கக் கற்றவர் சிலராகவும் இருக்குமிடத்துத் தொண்டும் இடராகும்.

இப்பயிற்சிகளை ஆதரிப்போர் கூறும் நியாயங்களைப் புறக்கணித்தல் தகாது. கூச்சமுள்ள மாணவி மேடையேறுகின்றாள். ஆங்கிலம் பேசும் அச்சம் நீங்குகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் திருகோணமலை மாவட்டத்தில் மூவின இளைஞரும் ஒரு நாளேனும் ஓரிடத்திற் கூடுகின்றனர் என்பர். இவை மெய்யான நன்மைகளே. ஆனால் மேடையேறுந் துணிவு தலைமையின் ஒரு கருவி மட்டுமே. மூவின இளைஞரும் கயிறிழுத்து விளையாடிப் பிரிவதோடு அமையாது, காணி, கடல், நீர் ஆகியவற்றால் தம் ஊர்களிடையே எழும் பிணக்குகளை ஒருங்கிருந்து ஆராய்வார்களாயின் அச்சந்திப்புப் பயன்தரும். அத்தகைய பொருள்களோ ‘அரசியல்’ எனக் கூறப்பட்டு நிகழ்ச்சிநிரலிலிருந்து விலக்கப்படுகின்றன. போரினால் இடம்பெயர்ந்து மீண்ட மக்கள் வாழும் மண்ணில் இவற்றை விலக்கிய தலைமைப் பயிற்சி பொருளற்றதாகும்.

வேறு வழி இல்லையென்பதும் உண்மையன்று. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்தின் கனதொலுவ என்னும், சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமத்திற்கு அழைத்துச் சென்றார். அவர்கள் அம்மக்களோடு தங்கி உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்தே வளர்ந்தது. அவ்வியக்கம் பின்னாளில் பெருநிறுவனமாகி வெளிநாட்டு நிதியைச் சார்ந்தமை பற்றிய கண்டனம் வேறு. திருகோணமலையிற் கல்விப்பணி புரிந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள், அருகிலுள்ள திருவேட்களத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருப்புக்குச் சென்று கற்பித்தார். பேராசிரியப் பதவி அதற்குத் தடையாக இருக்கவில்லை.

ஆதலின் பயிற்சி நாட்கள் ஒழிக்கப்பட வேண்டுமென்பது இங்கு வாதமன்று. அவை தலைகீழாக மாற்றப்பட வேண்டும். சாம்பல்தீவில் ஒரு பயிற்சி நடக்குமாயின், அதன் விரிவுரையாளர்களாக அவ்வூர் மீனவரும் விவசாயிகளும் மாதர் சங்கத்துப் பெண்களும் அமர்தல் வேண்டும். இளைஞர்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டையும் கணக்கேட்டையும் வாசிக்கவும், பிரதேச சபைக்கு முறையாக மனு எழுதவும், அம்மனுவின் நிலையை மாதந்தோறும் விசாரிக்கவும் பழகுதல் வேண்டும். ஓராண்டின் பின்னர் அவ்வூரார் ‘இவர் எமக்குப் பயன்பட்டார்’ எனக் கூறின், அதுவே சான்றிதழாக அமையட்டும்.

இக்கடமையில் பல்கலைக்கழகச் சமூகத்திற்கும் பங்குண்டு. இத்தகைய பயிற்சிகளில் விரிவுரை நிகழ்த்த அழைக்கப்படுவோருட் பலர் பட்டதாரிகளே. அழைப்பிதழ் வரும்போது, பேச்சுக்கு எத்தனை நிமிடம் என வினவுவதற்கு முன்னர், அவ்வூரார் எதனை வேண்டுகின்றனர் என வினவும் வழக்கத்தை அவர்கள் தொடங்கி வைத்தல் வேண்டும்.