ட்ரம்ப் ஹேர் ஸ்டைலில் ஒரு குட்டிப் பூச்சி!



எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி. ஹாஸ்டல் ரூம்ல ட்யூப் லைட்டைச் சுத்தி ஒரு குட்டி விட்டில் பறக்குது. என்ன பண்ணுவீங்க? ரெக்கார்டு நோட்டை எடுத்து ஒரே போடு! அதுக்குப் பேர் என்னன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? யாருமே பேர் வைக்காத பூச்சியா இருந்தா?

அப்படிப் பேரில்லாமக் கிடந்த ஒரு பூச்சியோட கதைதான் இந்த வாரம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் போஹார்ட் பூச்சி மியூசியம் இருக்கு. அங்கேயிருந்து கடன் வாங்கின அந்துப்பூச்சிகளை ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டிருந்தார் வாஸ்ரிக் நசாரி என்ற கனடா ஆய்வாளர். 'நியோபால்பா' என்ற பேரினத்தில் அதுவரைக்கும் ஒரே ஒரு இனம்தான் தெரியும். பேர், நியோபால்பா நியோநேட்டா. ஆனா, சில பூச்சிகள் மட்டும் அதோட ஒத்துப்போகலை.

சைஸ் என்ன தெரியுமா? முன் இறக்கை 5 மில்லிமீட்டர்கூட இல்லை. தலையில மஞ்சள் கலந்த வெள்ளைச் செதில்கள், வழிச்சு வாரின முடி மாதிரி! 'அட, இது வேற இனம்'னு உடனே அறிவிச்சிடலாமே? அதுதான் முடியாது பாஸ். ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும், செதில் உதிரும். அதனால இந்தத் துறையில நம்புறது ரெண்டு சாட்சிகளை. ஒண்ணு, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில தெரியுற இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு. இன்னொண்ணு, டி.என்.ஏ. பார்கோடு. கடையில சோப்புக் கவரை ஸ்கேன் பண்ற மாதிரி, ஒரு ஜீனின் சின்னத் துண்டைப் படிச்சு ஒப்பிடுவாங்க. ரெண்டுமே 'இது வேற'னு சொல்லிடுச்சு.

அப்புறம்தான் பேர் வைக்கிற படலம். அங்க அடையாளம், பக்கத்து இனத்தோட உள்ள வித்தியாசம், கிடைச்ச இடம் எல்லாத்தையும் எழுதி, ஒரே ஒரு பூச்சியை 'இதுதான் மாதிரி'னு மியூசியத்தில் நிரந்தரமா வைக்கணும். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க.

2017 ஜனவரி 17-ம் தேதி 'ஸூகீஸ்' ஆய்விதழில் நசாரியின் கட்டுரை வெளியானது. பேர்: நியோபால்பா டொனால்ட்ட்ரம்பி! டொனால்ட் ட்ரம்ப் அமெரிக்க அதிபரா பதவியேற்க அப்போ மூணே நாள்தான் பாக்கி. உலகமே விழுந்து விழுந்து சிரிச்சது.

ஆனா, ஜோக்குக்குப் பின்னாடி ஒரு கவலை இருந்தது. இந்தப் பூச்சி வாழுறது தெற்கு கலிஃபோர்னியாவிலும், மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும். நகரம் வளர வளர அதோட இடம் சுருங்குது. பிரபலமான பேர் வெச்சா, ஜனங்க அந்த நிலத்தையும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பாங்கன்னு நசாரி நினைச்சார். இன்னொரு வேடிக்கை... எல்லையில் சுவர் எழுப்புவேன்னு ஓட்டுக் கேட்டவரோட பேரைச் சுமக்கிற பூச்சி, எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஜாலியா வாழுது!

'அமெரிக்காப் பூச்சி நமக்கெதுக்கு?'ங்கறீங்களா? அது 'ஜெலிகிடே' குடும்பம். பருத்தி விவசாயிகளைக் கதற வைக்கிற இளஞ்சிவப்புக் காய்ப்புழு இதே குடும்பம். தாத்தா வீட்டு நெல் மூட்டையைப் பிரிச்சா குபுகுபுனு பறக்குமே அந்துப்பூச்சி, அதுவும் இவங்க சொந்தக்காரங்கதான்! எது பயிரைத் தின்னும், எது சும்மா பறக்கும்னு பிரிச்சுச் சொல்ல ஆள் இல்லைன்னா, எல்லாத்துக்கும் ஒரே மருந்தை அடிக்க வேண்டியதுதான். பேர் தெரியாத உயிர் காணாமப் போனா, காணாமப் போச்சுன்னு சொல்லக்கூட ஆள் இருக்காது.

இந்தக் கதையில நசாரி காட்டுக்குப் போய் புலியோட சண்டை போடலை. யாரோ எப்பவோ பிடிச்சு, தேதியும் ஊரும் எழுதிப் பத்திரப்படுத்தின பூச்சியைப் பொறுமையா பார்த்தார். அவ்ளோதான்!

இன்னிக்கு ராத்திரி நீங்களும் ட்ரை பண்ணுங்க. மொட்டை மாடியில ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பக்கத்துல பல்பைப் போடுங்க. வர்றதையெல்லாம் போட்டோ எடுத்து, இடம், தேதி, நேரம் குறிச்சு வைங்க. ஸுவாலஜி படிக்கணும்னு அவசியம் இல்லை. பி.காம். பசங்களையும் பூச்சி ஒதுக்காது.

ஒரே ஒரு ரிக்வெஸ்ட்... அந்த ரெக்கார்டு நோட்டை மட்டும் கீழே வெச்சுடுங்க, ப்ளீஸ்!