அளவெண்ணும் வகைப்பெயரும்

தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. எனினும் மன்னார் வளைகுடாவின் முத்து வியாபாரிகள் கையாண்ட தரம் பிரிக்கும் முறை இன்றும் கவனிக்கத்தக்கது. அவர்களிடம் பத்துப் பித்தளைச் சல்லடைத் தட்டுகள் இருந்தன. முதல் தட்டில் 20 துளைகள். பின்னர் 30, 50, 80, 100 என ஏறி, இறுதித் தட்டில் 1000 துளைகள். ஒரு தட்டில் தங்கியவை ஒரு வகை. எதிலும் தங்காதவற்றுக்கும் தூள் என்றொரு பெயருண்டு. அவ்வாறு பிரித்த பின்னரும், மஞ்சாடி எடையிட்டே விலை மதித்தனர். வகைப்பெயரை நம்பி அளவைக் கைவிட்டாரில்லை.

கிணற்று நீர்ப் பரிசோதனையிலோ இவ்வெச்சரிக்கை பல சமயங்களில் காணப்படுவதில்லை. 1954-இல் அமெரிக்க உவர்நில ஆராய்ச்சிச்சாலை வெளியிட்ட பாகுபாட்டின்படி, நீரின் மின்கடத்துதிறன் 250 மைக்ரோசீமென்ஸ் வரை உப்புக் குறைவு. 750 வரை நடுத்தரம். 2250 வரை அதிகம். அதற்கு மேல் மிக அதிகம். இதன்படி 740 உள்ள கிணறும் 760 உள்ள கிணறும் வெவ்வேறு வகுப்பாகின்றன. 760-உம் 2240-உம் ஒரே வகுப்பாகின்றன. பருத்தி உப்பைப் பெரிதும் தாங்கும்; வாழை தாங்காது. "அதிகம்" என்ற ஒரு சொல்லை மட்டும் கண்டு வாழை வைப்பவர் எதனை அறிவார்?

இக்காலத்தில் இவ்வகுப்புகளைக் கணிப்பொறியே பிரித்தெழுதுகிறது. பாண்டாஸ், ஆர் முதலிய கருவிகளில், வேறு கட்டளை இடாவிடில், எல்லையில் நிற்கும் எண் கீழ் வகுப்பிலேயே சேரும். கொடுத்த கடைசி எல்லையைக் கடந்த எண்ணோ பெயரின்றி வெற்றிடமாகும். எல்லை 5000 என்று முடிந்திருந்தால், கடலோரத்தில் அதனினும் உவர்ப்பேறிய கிணறு எவ்வகுப்பின் கணக்கிலும் வாராது. மிகுந்த உதவி வேண்டுவோரே பட்டியலினின்று மறைவர். முத்து வியாபாரி தூளுக்கும் பெயரிட்டதன் நியாயம் இங்கே விளங்கும்.

வகைப்பெயர் வேண்டாமென்பதன்று; ஒரு கிராமத்தின் நிலைமையைச் சுருங்க அறிய அது மிகவும் அனுகூலமானது. ஆயினும் அது எண்ணுக்குத் துணையேயன்றி ஈடன்று. ஆகையால் கிராமாதிகாரிகள் பதிவேட்டில் அளவெண்ணை முதலிலும், வகைப்பெயரை அதனருகிலும், வகுத்த எல்லைகளை அடியிலும் குறித்தல் வேண்டும். கடைசி வகுப்பிற்கு மேல்வரம்பு வைத்தலாகாது. நிலமுடையோரும் பரிசோதனைச் சீட்டில் பெயர் மட்டும் இருப்பின், எண்ணையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பயிருக்குப் பாய்வது நீரிலுள்ள உப்பேயன்றி, அதற்கு இட்ட பெயரன்று.