ஐந்து ரூபாய் தாளில் அச்சாகும் சாதி

கல்லூரிச் சேர்க்கை நேரம். தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில் நல்ல கூட்டம். சித்தி மகனின் சாதிச் சான்றிதழை பிரிண்ட் எடுக்க நின்றிருந்தேன். "வாங்க தம்பி, என்ன வேணும்?" என்றுதான் கடைக்காரர் கேட்டார். அவர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பினேன். திரையில் அது திறந்தது. படித்தார். "கலரா, சாதாவா? எந்த ஊரு நீ?" என்றார். பின்னால் நின்ற இருவர் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

'வாங்க' என்பது 'நீ' ஆக, ஒரு பிடிஎப் திறக்கும் நேரம்தான் பிடித்தது.

இதைச் சொன்னால், "ஒரு பிரிண்டர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்கிறார்கள் நகரத்து நண்பர்கள். மாதம் பத்துத் தாள் எடுக்கும் வீட்டில் பிரிண்டர் வாங்கினால், அடுத்த முறை எடுப்பதற்குள் மை காய்ந்துவிடும். அந்தப் பணத்துக்கு ஆயிரம் பக்கம் வெளியே எடுக்கலாம். எனவே நாம் கடையைத்தான் நம்பியிருக்கிறோம். முனைவர் பட்ட ஆய்வாளனான நானும் அப்படித்தான். உதவித்தொகைப் படிவத்தை அச்சிட்டு, நெறியாளரிடமும் துறைத் தலைவரிடமும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அதையே ஸ்கேன் செய்து மறுபடி இணையத்தில் ஏற்றுகிறேன். கணினியில் தொடங்கி கணினியில் முடிகிற வேலைக்கு நடுவில் ஒரு கடை, ஒரு வரிசை, ஒரு பகல் பொழுது.

சித்தேரி மலையில் இருக்கும் பழங்குடி மாணவிக்கு இது இன்னும் கடினம். அவருக்கான சாதிச் சான்றிதழைத் தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். விண்ணப்பத்துக்கும் விசாரணைக்கும் அலைந்து சான்றிதழ் இணையத்தில் வந்த பிறகும், அதைத் தாளாக்க அரூருக்கு இறங்கி வர வேண்டும். தாளுக்கு ஐந்து ரூபாய்தான். பேருந்துக் கட்டணமும் போன நாளின் கூலியும் எந்த ரசீதிலும் வருவதில்லை.

பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளும் இதே கடைகளில் சாதிச் சான்றிதழ் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். எடுக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய தாளைப் பார்த்து யாரும் மரியாதையைக் குறைப்பதில்லை. நம் தாள் உரிமைக்கான சான்று. அதே தாள் கடைத்தெருவில் நம்மைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

இந்த மாவட்டத்தில் தாளின் மதிப்பு என்ன என்பதை நத்தத்தைக் கேட்டால் சொல்லும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. நகையும் பணமும் போனதோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. ஒரு தலைமுறை படித்துச் சேர்த்த சொத்து பீரோவில் இருந்த அந்த நெகிழி உறைதான். இன்று அது செல்போனுக்குள் வந்திருப்பது நல்லதே. தீ அதைத் தொட முடியாது. ஆனால் அரசு அலுவலக மேசை இன்னும் தாளையே கேட்கிறது.

ஏன் கேட்க வேண்டும்? தமிழ்நாட்டில் இ-சேவை வழியாக வரும் சாதிச் சான்றிதழில் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. அதன் எண்ணைக் கொண்டு எந்த அலுவலகமும் இணையத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். டிஜிலாக்கர் ஆவணத்தை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2017லேயே விதி செய்திருக்கிறது. அதே 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றார்கள். எச்சரிக்கை போய்விட்டது. நகல் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அப்படியானால் சாதியை மறைத்து வாழச் சொல்கிறேனா? இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். அச்சு நம் கைக்கு வந்தபோது, நாம் யார் என்பதை நாமே உலகுக்குச் சொன்னோம். நானே சொல்வது வேறு; என்னைக் கேட்காமல் இன்னொருவன் என்னைப் படித்துக்கொள்வது வேறு. முன்னது சுயமரியாதை. பின்னது அவமானம்.

எனவே நம் கோரிக்கைகள் எளிமையானவை. இணையத்தில் சரிபார்க்கக்கூடிய சான்றிதழுக்கு எந்தக் கல்லூரியும் அலுவலகமும் அச்சு நகல் கேட்கக் கூடாது. ஒவ்வொரு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதியிலும் மாணவர்கள் தாங்களே இயக்கும் ஒரு பிரிண்டர் வேண்டும். மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் குறைந்த கட்டணத்தில் அச்சிடும் வசதி வேண்டும். சான்றிதழுக்கு 60 ரூபாய் வாங்கும் இ-சேவை மையம், வாங்குபவரின் ஆவணத்தை அடுத்தவர் பார்க்காத வகையில் திரையைத் திருப்பி வைக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பென் டிரைவில் கொண்டுபோங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், பிரிண்ட் எடுத்ததும் டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அழித்துக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். ஆதாருக்கு, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகலைத் தரவிறக்குங்கள். காலனியில் நம் பிள்ளைகள் நடத்தும் கடை இருந்தால் இரண்டு ரூபாய் கூட ஆனாலும் அங்கே போங்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் ஒரு பழைய லேசர் பிரிண்டரை வாங்கிப் போடுங்கள். லேசரில் மை காயாது.

அன்று நானும் அந்தக் கடைக்காரருக்குப் பதில் சொன்னேன். "சாதா போதும். ஊர் சர்டிபிகேட்லயே இருக்கே, படிச்சீங்கல்ல? பைலை அழிச்சிடுங்க, நான் பாக்கணும்." அழித்தார். அடுத்து நின்ற ஒரு பெண், தன் செல்போனை நீட்டி, "எனதையும் அழிச்சிடுங்கண்ணா" என்றார்.